சிவப்புப் பக்கம் நின்ற குமிழ்

அத்தியாயம் 11

ஒரு வாரமாகச் சௌந்திரத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று நமக்குத் தெரியும். அந்த வீட்டில் மற்றவர்களுக்குத்தான் தெரியாது. கணவர் ஜெகதீஸ்வரனின் கார் இருக்கைக்கு அடியில் அவள் கண்டெடுத்த கம்பளிக் காலுறைகள், இப்போது சமையலறை அரிசி டிரம்முக்குள் புதைந்து கிடக்கின்றன.

சேலத்து வெயிலில் லாரி ஓட்டியே முடி நரைத்த மனிதருக்குக் கம்பளிக் காலுறை எதற்கு? அது யாரோ ஒருத்தியுடையது. அப்படித்தான் சௌந்திரம் தீர்மானித்திருந்தாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. மகள் தமிழினிக்குக் கல்யாணம் கூடி வருகிற நேரத்தில் அப்பன் சேதி வெளியே போனால் ஊர் சிரிப்பாய்ச் சிரிக்கும்.

அதிலும் இன்றைக்கு முக்கியமான நாள். மாப்பிள்ளை கௌதமன் வீட்டார் ஏற்காட்டில் இருக்கும் தங்கள் பங்களாவுக்கு வந்து தங்கியிருந்தார்கள். இவர்கள் காலையிலேயே மலையேறிப் போய், நாள் குறித்துவிட்டு வர வேண்டும்.

தை பிறந்தும் பனி விட்டபாடில்லை. இவர்கள் வீடு இருக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டி மலையடிவாரம் வேறு. விடிந்தும் விடியாத அந்த நேரத்தில் கார் செட்டிலிருந்து எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. சௌந்திரம் சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கார்க் கண்ணாடிகள் எல்லாம் ஏற்றிவிடப்பட்டிருந்தன. உள்ளே புகை படிந்த மாதிரி வெளுத்திருந்ததில் ஆள் இருப்பது மட்டும் நிழலாகத் தெரிந்தது.

பனி தொடங்கியதிலிருந்து இதே கதைதான். ஜலகண்டாபுரத்தில் அவர் போட்டிருக்கும் தறிப் பட்டறைக்குக் கிளம்பும் முன்னால், செட்டுக்குப் போய்க் காரைக் கிளப்பிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துவிடுவார். கேட்டால், "வண்டி சூடாவட்டும் புள்ள" என்பார். நாமக்கல்லில் லாரி வைத்திருந்த காலத்தில் அவர் அப்படித்தான் செய்வார். அதனால் சௌந்திரத்துக்கும் முதலில் ஒன்றும் தோன்றவில்லை.

தோன்ற வைத்தவள் மகள்தான். கோவையில் வேலை பார்க்கும் தமிழினி, நாள் குறிப்பதற்காக லீவு போட்டு வந்திருந்தாள். காபி டம்ளரோடு ஜன்னலருகே வந்து நின்றவள் முகத்தைச் சுளித்தாள்.

"ஏம்மா, அப்பா எதுக்கு இவ்வளவு நேரம் எஞ்சினை ஓட உட்டிருக்காரு? டீசல் பொகை ஊட்டுக்குள்ள வருது."

"பனிக்கு வண்டி சூடாவ வேண்டாமா?"

"அதெல்லாம் பழைய லாரிக்கும்மா. இந்த வண்டிக்கு அரை நிமிஷம் போதும். அப்பறம் மெதுவா ஓட்டிட்டுப் போனா தானா சூடாயிரும். இத வாங்கும்போதே ஷோரூம்ல சொன்னாங்க. அப்பாவும் பக்கத்துலதான் நின்னு கேட்டாரு."

சௌந்திரத்தின் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது. "அவருக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். நான் தூங்கி எந்திரிச்சதுல இருந்து உள்ளயேதான் உக்காந்திருக்காரு. என்னதான் பண்றாரோ."

தமிழினி குளிக்கப் போய்விட்டாள். அரை நிமிஷம் போதும் என்று தெரிந்த மனிதர் மீதி நேரம் உள்ளே என்ன செய்கிறார்?

அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, கோலமாவுக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். கோலம் போட்டு முடித்து வெகுநேரம் ஆகிவிட்டது என்பது வேறு விஷயம். கையில் ஏதாவது இருந்தால்தானே தன் வீட்டுக் கார் செட்டுக்குள்ளேயே வேவு பார்க்கப் போகலாம்!

காருக்குப் பின்பக்கம் போய் நின்றாள். கார் ஸ்பீக்கரில் போன் பேசுகிறவர்களுக்கு ஒன்று தெரிவதே இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டால் உலகத்துக்கே காது அடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். வெளியே நிற்கிறவருக்கோ ரேடியோ வைத்த மாதிரி கேட்கும்.

"சொல்லு நர்மதா" என்றார் ஜெகதீஸ்வரன்.

ஒரு பெண் குரல், இளசான குரல், அதட்டியது. "சொன்னாக் கேக்கவே மாட்டீங்களா? இப்படிச் சூட்டுலயே கெடந்தா ஒரு நாள் வெந்துதான் போவீங்க. இன்னிக்குக் கண்டிப்பா வரணும். வரலைன்னா நானே உங்க வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

"ஐயையோ, அத மட்டும் பண்ணிப்போடாத சாமி. பொண்ணு கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் ஊட்டுக்குத் தெரியவே கூடாது."

"அப்ப வாரீங்களா?"

"வாரேன் சாமி. மலைக்குப் போயிட்டுப் பொழுதோட வாரேன்."

சாமியாம், சாமி! இந்தப் பக்கத்தில் தொட்டில் பிள்ளையையும் சாமி என்பார்கள், பல் போன பெரியவரையும் சாமி என்பார்கள். கட்டின பெண்டாட்டியை மட்டும் 'புள்ள' என்று கூப்பிடும் இவர் 'சாமி' என்று கொஞ்சுகிற அவள் எந்தக் கணக்கில் சேர்த்தி? போதாக்குறைக்குச் சௌந்திரத்தை 'அம்மா' என்கிறாள். அம்மா முறை வைக்கிற வயதுப் பெண்ணா அவள்?

கோலமாவு முழுக்கச் செட்டுத் தரையில் கொட்டியது கூடத் தெரியாமல் வீட்டுக்குள் திரும்பினாள்.

சற்று நேரத்தில் எஞ்சின் சத்தம் நின்று, ஜெகதீஸ்வரன் உள்ளே வந்தார். வந்தவர் நேராகப் பூசை அறைக்குள் நுழைந்து திருநீறு எடுத்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொரு கால் வெறுங்கால்.

"ஏனுங்க!" என்று கத்தினாள் சௌந்திரம். "செருப்புக் காலோட சாமி ரூமுக்குள்ள! ஒத்தச் செருப்பு எங்க?"

அவர் திடுக்கிட்டுக் குனிந்து காலைப் பார்த்தார். அப்போதுதான் அந்தக் காலையே புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். "மறந்துட்டேன் புள்ள" என்று சொல்லிவிட்டு அவசரமாக வெளியே போனார். வாசல்படிக்குக் கீழே மற்றச் செருப்பு கவிழ்ந்து கிடந்தது.

காலில் செருப்பு இருப்பது கூடத் தெரியாத அளவுக்கு நினைப்பு எங்கே போயிருக்கிறது? எங்கே என்றுதான் அவளுக்குத் தெரியுமே. நினைப்புக்கு நர்மதா என்று பேரும் இருக்கிறது.

அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். கதவைத் திறந்ததும் தைல வாசனை குப்பென்று அடித்தது. யூகலிப்டஸ் தைலம். சாவியைத் திருகியதும் காலடியிலிருந்து அனல் காற்று புடவைக் கொசுவத்தில் மோதியது. என்ன இழவு இது என்று பார்த்தவள் கண்ணில் அந்தக் குமிழ் பட்டது.

ஏசிக் குமிழில் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு. வண்டி வாங்கிய நாளிலிருந்து அது நீலப் பக்கத்தைத் தாண்டி அவள் பார்த்ததில்லை. சித்திரையிலும் நீலம், ஐப்பசியிலும் நீலம். சேலத்துக்காரன் எவனாவது காரில் ஹீட்டர் போடுவானா? இப்போது அது சிவப்புக் கோடியில் போய் நின்றது.

சௌந்திரம் மனதுக்குள் வழக்கை முடித்துவிட்டாள். குளிர் தாங்காத ஒருத்தி இந்தக் காரில் ஏறுகிறாள். அவளுக்காகத்தான் இந்த மனிதர் தினமும் விடிகாலையில் காரைச் சூடு பண்ணி வைத்துக்கொண்டு போகிறார். கம்பளிக் காலுறை அவளுடையது. தைலமும் அவளுடையதுதான். தனக்குத் தலைவலி என்றால் ஒரு மாத்திரை வாங்கி வர மூன்று முறை சொல்ல வேண்டும். அவளுக்குக் குளிர் என்றால் ஹீட்டர்!

கோபத்தைவிட அழுகைதான் அதிகமாக வந்தது. அழுதால் கண் சிவக்கும், சம்பந்தி வீட்டில் கேட்பார்கள். அதனால் அதையும் விழுங்கிக்கொண்டாள்.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, செட்டில் மறுபடியும் எஞ்சின் உறுமியது.

"அப்பா எங்க கண்ணு?"

"'குளிச்ச உடனே கால் மரத்துப்... இல்ல, வண்டி ஆறிருச்சு'ன்னாரு. இன்னொருக்காச் சூடு பண்ணப் போயிட்டாரு" என்றாள் தமிழினி, தலைக்குப் பூ வைத்துக்கொண்டே. "இன்னைக்கு அவரு பேச்சே ஒரு தினுசாத்தாம்மா இருக்குது."

சௌந்திரம் அதற்கு மேல் பொறுக்கவில்லை. சம்பந்தியாவது, நாளாவது! நேராகச் செட்டுக்குப் போனாள். டிரைவர் பக்கத்துக் கதவைப் பிடித்து ஒரே இழுப்பில் திறந்தாள்.

சூடான காற்று முகத்தில் அடித்தது. உள்ளே போனும் இல்லை, யாரும் இல்லை. இருக்கையைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளிவிட்டு, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, கண்ணை மூடியபடி ஜெகதீஸ்வரன் உட்கார்ந்திருந்தார். வலது காலைத் தூக்கி, ஹீட்டர் காற்று வருகிற ஓட்டையில் பாதத்தை அழுத்தி வைத்திருந்தார். இரண்டு கையாலும் ஆடுசதையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"யாருங்க அந்த நர்மதா?"

அவர் முகம் செத்துவிட்டது. காலைக் கீழே இறக்கப் பார்த்தார். அது உடனே இறங்கவில்லை. கையால் தூக்கி இறக்கினார்.

"சத்தம் போடாத புள்ள. அது... டவுன்ல காலு ஆஸ்பத்திரில இருக்கற பொண்ணு. நர்சு."

"காலுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத காலுக்கு எதுக்கு நர்சு? காட்டுங்க."

அவர் மறுக்க மறுக்க, அவள் பட்டுப்புடவையோடு செட்டுத் தரையில் குந்தி உட்கார்ந்து, அந்தப் பாதத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தைல வாசனை அங்கேயிருந்துதான் வந்தது. அடிப்பாதத்தில் எலுமிச்சம்பழ அகலத்துக்கு ஒரு கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து, உள்ளே சிவந்து ஈரமாக இருந்தது.

"இதென்னங்க, வெந்து போயிருக்குது?"

"எது?"

"எதுவா? இங்க. வலிக்கலையா?" அவள் பெருவிரலால் பக்கத்தில் அழுத்தினாள்.

"நீ அமுத்து, சொல்றேன்" என்றார் அவர்.

அவள் அழுத்திக்கொண்டுதான் இருந்தாள். நகம் பதிந்து வெளுக்கும் வரை அழுத்தினாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, இப்போது அமுத்துவாள், இப்போது அமுத்துவாள் என்று காத்திருந்தார்.

சௌந்திரத்துக்கு முதலில் வந்தது நிம்மதிதான். ஒருத்தியும் இல்லை. என் புருஷன் என் புருஷனாகத்தான் இருக்கிறார். அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம் கூட நிற்கவில்லை. அடுத்த மூச்சில் அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. அதற்கு அடுத்ததாகப் பயம் வந்தது. அது போகவே இல்லை.

"சக்கரைங்களா?"

"ரொம்ப நாளாவே இருக்குதாட்டம். இப்பத்தான் தெரிஞ்சுது. மத்த நேரம் கொஞ்சமாச்சும் தெரியுது. பனியில கட்டையாட்ட ஆயிருது புள்ள. சூடு பட்டாக் கொஞ்சம் உசுரு வந்தாப்பல இருக்கும். எஞ்சின் நல்லாச் சூடானாத்தான் ஹீட்டர்ல சூடு வரும். டீசல் வண்டி, நேரமாவுது. சூடு வெக்காதீங்கன்னு அந்தப் பொண்ணு தலைப்பாடா அடிச்சுக்குது."

"செருப்பு?"

"கால்ல இருக்குதா, கழண்டு போச்சான்னே தெரியறதில்ல. ராத்திரி போட்டுக்கலாம்னு காலுறை வாங்குனேன். அதுவும் எங்கியோ காணாமப் போச்சு."

அரிசி டிரம்மைப் பற்றி இப்போது பேசுவதில் பிரயோசனம் இல்லை. அவள் வேறொன்றைக் கேட்டாள்.

"பிரேக் மேல கால் இருக்கறது தெரியுமா?"

ஜெகதீஸ்வரன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார். "குனிஞ்சு பாத்துக்குவேன்."

"இந்தக் காலை வெச்சுக்கிட்டா எம்புள்ளைய இன்னைக்கு மலைக்குக் கூட்டிட்டுப் போகப் பாத்தீங்க?"

"இருபது வளைவுதான் புள்ள. லாரியிலயே கண்ணை மூடிட்டு ஏறுன ரோடு."

"கண்ணை மூடிட்டா, பிரேக் எங்கன்னு எதுலங்க பாப்பீங்க?"

அவர் யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போலத் தணிந்த குரலில் பேசினார். "மயிலம்மா சொன்னது உனக்கு மறந்து போச்சா? போன வருசம் ஒரு பொண்ணு பாக்கப் போயி, அதோட அப்பனுக்குச் சக்கரையில கால் வெரலை எடுத்துட்டாங்கன்னு தெரிஞ்சதும் காபியக் கூடக் குடிக்காம எந்திரிச்சு வந்ததா நம்ம ஊட்லயே உக்காந்து பெருமையாச் சொன்னாங்கல்ல? அப்பனுக்கு இருந்தாப் பொண்ணுக்கும் வரும், பேரன் பேத்திக்கும் வரும்னாங்க. நான் சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தேன். எங்கால் மேசைக்கு அடியில இருந்துச்சு."

மயிலம்மாள் கௌதமனின் அம்மா. வாய் நீளம், மனசு கெட்டதல்ல என்று சௌந்திரமே பல பேரிடம் சொல்லியிருக்கிறாள். அந்த வாய் இன்றைக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். கௌதமன் பேரைச் சொன்னாலே தமிழினி முகத்தில் வருகிற வெளிச்சத்தையும் நினைத்துப் பார்த்தாள்.

அவள் எழுந்தாள். வீட்டுக்குள் போய்ப் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து எடுத்து வந்து, புண்ணைத் துடைத்து, துணியைச் சுற்றிக் கட்டினாள்.

"தமிழினி ஓட்டட்டும். லைசென்ஸ் வாங்கி வெச்சிருக்கறா. இடுப்புப் பிடிச்சுக்கிச்சுன்னு சொல்லிக்கலாம். பொழுதோட நானும் ஆஸ்பத்திரிக்கு வாரேன். இனிமேல் இந்த ஸ்டியரிங்கத் தொட்டீங்கன்னா, மயிலம்மாவுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிப்போடுவேன்."

ஜெகதீஸ்வரன் சாவியை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். நாமக்கல் பக்கம் நாலு லாரி ஓட்டி, ஒரு நாள் கூட வண்டியை உரச விடாத மனிதர், கிளீனர் உட்காருகிற பக்கத்துக்குக் காரைச் சுற்றிக்கொண்டு போனார். அந்த நடையைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

தமிழினிக்குத் தலைகால் புரியவில்லை. "நெசமாவா? நான் ஓட்டறதா? ஒரு தடவை ரிவர்ஸ் எடுத்ததுக்கே வீட்டை ரெண்டாக்குனீங்களே அப்பா?"

"இடுப்புப் பிடிச்சுக்கிச்சு சாமி. ஓட்டு. வளைவுல ஆரன் அடி. ஏர்றவங்களுக்குத்தான் வழி உடோணும், எறங்கறவங்க உடாட்டி நீ உட்டுரு."

அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். பின் இருக்கையில் இருந்த சௌந்திரம் ரோட்டைப் பார்க்கவில்லை. கணவரின் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதித்தது. மிதித்தது அவருக்குத் தெரிந்ததோ என்னவோ.

பாதி மலை ஏறியிருக்கும். சௌந்திரத்தின் போன் அடித்தது. அவளுக்கு எந்த போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வரும்.

"சம்பந்தியம்மா, கெளம்பியாச்சுங்களா?" மயிலம்மாளின் குரல் கார் முழுக்க நிறைந்தது. "பனி மூட்டமா இருக்குது. டிரைவர் யாராச்சும் போட்டிருக்கீங்களா?"

"டிரைவர் எதுக்குங்க? அவரேதான் ஓட்டிட்டு வாராரு."

சொல்லிய பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது!

"அதானுங்க பாத்தேன்! எங்க கௌதமங்கிட்ட இப்பத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன், உம்மாமனாரு இந்த வயசுலயும் கல்லாட்ட இருக்காரு, அந்த ஊட்ல ஒரு சீக்கு இல்லைன்னு."

"ஆமாங்க, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வந்துர்றோமுங்க."

அவள் போனை வைத்தாள். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் தமிழினியின் கண்கள் அம்மாவை ஒரு முறை பார்த்தன. அப்பாவின் பக்கம் போயின. அவர் காலடிக்கு இறங்கின. மறுபடியும் அம்மாவிடம் வந்தன.

அடுத்த வளைவு தாண்டியதும் ரோடு கொஞ்சம் அகலமாகிற இடத்தில் அவள் இண்டிகேட்டர் போட்டு, வண்டியைக் கைப்பிடிச் சுவரோரம் நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். சாவியை உருவிக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"ஏன் சாமி, என்னாச்சு?" என்றாள் சௌந்திரம்.

"அதத்தாம்மா நானும் கேக்கறேன். இடுப்புப் பிடிப்புக்கு எதுக்குக் காலுல கட்டு? நான் ஓட்டும்போது அப்பா ஓட்டறாருன்னு எதுக்குச் சொன்னே? சீக்கு இல்லைன்னு அவங்க சொன்னப்ப அப்பா எதுக்குத் தலையக் குனிஞ்சாரு?"

"நல்ல நேரம் போயிரும் கண்ணு. மொதல்ல நாள் குறிச்சிட்டு வந்துருவோம். ஊட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"போவட்டும். அந்த ஊட்ல காலம்பூரா வாழப் போறது நானு. பொய்யைச் சீர்வரிசையில வெச்சு என்னை அனுப்பப் பாக்கறீங்களா? ரெண்டு பேர்ல யாராச்சும் ஒருத்தர் சொல்ற வரைக்கும் வண்டி நகராது."

சௌந்திரம் வாயைத் திறந்தாள். ஒரு வாரமாக உண்மை வேண்டும், உண்மை வேண்டும் என்று தவித்தவளுக்கு, அது கையில் இருக்கும்போது எடுத்துக் கொடுக்க வரவில்லை. மடியில் போன் மறுபடியும் அடித்தது. திரையில் மயிலம்மாள் பேர். யாரும் எடுக்கவில்லை.

ஜெகதீஸ்வரன்தான் அசைந்தார். குனிந்து, காலை எடுத்து இடது முழங்காலின் மேல் போட்டுக்கொண்டு, கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். கடைசிச் சுற்றுத் துணி புண்ணோடு ஒட்டிப்போயிருந்தது. அவர் மகளைப் பார்த்தபடியே, சாதாரணமாக, அதைப் பிடித்து இழுத்தார்.

"அப்பா, மெல்ல!" என்று அலறினாள் தமிழினி.